எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள்

கறவை மாடு வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" சந்தையில் அதற்குப் பதில் தயாராக இருக்கும். முதல் நாள் மாலை கறக்காமல் விட்டு, மடி புடைத்து நிற்க ஓட்டி வந்திருப்பார்கள். சுழியைக்கூடச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் நாம், இதன் தாய் எத்தனை கன்று ஈன்றது, ஈன்ற பின் எத்தனை மாதத்தில் மறுபடி சினை பிடித்தது என்று கேட்பதே இல்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

கலப்பின ஜெர்சிக் கிடேரி, அதாவது பெண் கன்று, வளர்ந்து முதல் கன்று ஈனுவதற்கே இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அதுவரை போட்ட தீவனச் செலவை முதல் ஈற்றுப் பால் ஈடுகட்டினாலே பெரிது. மாடு உச்சக் கறவைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஈற்றில்தான். அந்த நேரத்தில் மடிநோயாலோ சினை நிற்காமலோ அடிமாட்டுக்குப் போனால், 20 லிட்டர் கறந்த பெருமையால் என்ன பயன்? 13 மாதத்துக்கு ஒரு கன்று போடும் மாடு எட்டு ஆண்டுகளில் ஏழு ஈற்று தரும். 18 மாதம் இழுக்கும் மாடு ஐந்தோடு நின்றுவிடும். 12 லிட்டரே கறந்தாலும் காலம் தவறாமல் சினை பிடிக்கும் மாட்டின் கிடேரியைத்தான் நான் தொழுவத்தில் நிறுத்துவேன்.

மாட்டை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். மடியின் அடிப்பகுதி பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே தொங்கும் மடி சாணியில் புரளும், காம்பு மிதிபடும், நோய் தானாக வரும். குளம்பு விரிந்து, கால் அகட்டி நடக்கும் மாடு மேய்ச்சலுக்கும் ஆகாது, முதுமைக்கும் தாங்காது.

இதையெல்லாம் பார்ப்பவர்கள்கூடக் காளையைப் பார்ப்பதில்லை. கன்றின் பாதி ரத்தம், காளையின் விந்தை அடைத்து வரும் அந்தச் சினை ஊசிக் குச்சியிலிருந்துதான் வருகிறது. குச்சியின் மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். மூன்று ஆண்டு கழித்து அதே காளையின் குச்சி வந்தால், மகளுக்குத் தகப்பனையே சேர்த்துவிடுவோம். நலிந்த கன்று பிறந்தால் தண்ணீரையும் தீவனத்தையும் குறை சொல்வோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும் இதைத் தடுக்க.

இனமும் ஊருக்கு ஏற்றதாக வேண்டும். சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று கால்நடைத் துறை வகுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பால் ஆசையில் ஹோல்ஸ்டீன் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், சித்திரை வெயிலில் மாடு மூச்சிரைத்து நிற்கும், பருவத்துக்கே வராது. காங்கேயம் பகுதியில் நல்ல நாட்டுப் பசு வைத்திருப்பவர்கள் அதற்குக் கலப்பின ஊசி போடுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

இப்போது பெண் கன்றுக்கான ஊசி வந்திருக்கிறது. போட்டால் பத்தில் ஒன்பது கிடேரிதான். பருவத்துக்கு வந்த மாட்டுக்கெல்லாம் அதைப் போட்டு, நோஞ்சான் வம்சத்தைப் பெருக்கிவிடாதீர்கள். ஆறு ஏழு ஈற்று கண்ட தாயின் கிடேரி உங்கள் தொழுவத்தில் இருந்தால், முதல் ஊசியை அதற்குப் போடுங்கள்.