பிளஸ் ஒன்னில் மாறினால் 7.5 சதவீதம் கிடைக்குமா?

"பத்தாவது வரை தனியார் பள்ளியில் படிக்க வையுங்கள், பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தர 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்கிறது. கவுன்சலிங்கில் வகுப்புவாரியாகப் படிப்புச் சான்று கேட்பார்கள். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியாரில் படித்திருந்தாலும் அங்கேயே அம்பலமாகிவிடும். நீட் மதிப்பெண்ணும் வேண்டும். அதைச் செய்தியில் வசதியாக விட்டுவிட்டார்கள்!

ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பாதி தெரிந்த யாரோ இதைத்தான் எல்லாருக்கும் நீட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு என்பதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு திட்டம்.