உழைத்த தசைக்கு மாவுச்சத்தை மறுக்காதீர்கள்

பயிற்சி முடிந்ததும் புரதத்தைக் கிராம் கணக்கில் அளந்து குடிப்பவர்கள், மாவுச்சத்து என்றாலே முகம் சுளிக்கிறார்கள். இரண்டே வாரத்தில் கால் கனக்கிறது, ஓட்டம் தளர்கிறது. உடனே இன்னொரு கரண்டி புரதப் பொடி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கடும் பயிற்சியில் தசை முதலில் கைவைப்பது தனக்குள் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பின் மீதுதான். அந்த இருப்பை நிரப்புவது மாவுச்சத்து. புரதத்தின் முக்கிய வேலை தசை இழைகளைச் செப்பனிடுவது. அதுவும் வேண்டும், ஆனால் இதற்கு அது ஈடாகாது.

1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பயிற்சி மிதிவண்டியை ஆளுக்கொரு காலால் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். மற்றக் காலுக்கு ஓய்வு. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. இரு தொடைகளிலிருந்தும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைகோஜன் ஓய்வெடுத்த காலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! ஒரே உடல், ஒரே சாப்பாடு. உழைத்த தசைதான் சர்க்கரையை வாரி எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு வெளிவந்த ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்து உண்டபோது ஒரு மணி நேரத்திலேயே ஓய்ந்தவர்கள், நிறைய உண்டபோது அதே கடுமையில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் மிதித்தார்கள்.

மறுநாள் காலை எடை கூடிவிட்டதே என்று பலர் பதறுகிறார்கள். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்கும். ஒரே இரவில் ஏறிய அந்த எடையைக் கொழுப்பு என்று எண்ணி மீண்டும் பட்டினி கிடப்பது கொடுமை.

சாப்பிடும் நேரத்தைப் பற்றியும் வீண் பதற்றம் வேண்டாம். அடுத்த பயிற்சிக்கு ஒரு நாள் இடைவெளி இருந்தால், அன்றைய மொத்த உணவு போதுமானதாக இருப்பதே முக்கியம். காலையில் ஓடி மாலையிலும் ஓடுபவர் காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் தாமதித்தாலே கிளைகோஜன் நிரம்பும் வேகம் வெகுவாகக் குறைகிறது. அவருக்கு முதல் நான்கு மணி நேரத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து தேவை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு அறுபது முதல் எழுபது கிராம்.

நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவருக்கு இந்த அளவு பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அன்றாடம் வியர்வை சிந்தும் ஒருவர் சோர்ந்து வந்து நின்றால், "மனவுறுதி போதாது" என்று கடிந்துகொள்ளும் முன், நேற்று என்ன சாப்பிட்டார் என்று பயிற்றுநர்கள் கேட்க வேண்டும்.