மூன்றாவது குடித்தனக்காரர்

செங்கோட்டை. ஆடி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கி, கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயாத நேரம். வாடகை வாங்க ஆச்சி வருகிறார். (வாடகைத் தேதியில் மட்டும் ஆச்சிக்கு முழங்கால் வலி இருப்பதில்லை.) தார்சாவைத் தாண்டிப் பட்டாசாலைக்குள் கால் வைத்தவர் அப்படியே நிற்கிறார்.

ஆச்சி: தம்பி, குடி வரும்போது எத்தனை பேர் என்று சொன்னாய்?

தம்பி: ரெண்டு பேர் ஆச்சி. நானும் அவளும்.

ஆச்சி: அப்போ போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறது யார்? உன் மாமனாரா?

தம்பி: (போர்வையை மெதுவாக விலக்கி) ஜாவா பைக் ஆச்சி. 1970 மாடல். மைசூரில் செய்தது. புனலூரில் ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது.

ஆச்சி: அவன் கோழிக்கே பின்னால் போட்டு வைத்திருந்ததை நீ என் பட்டாசாலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

தம்பி: வெளியே விட முடியாது ஆச்சி. பெருமழை என்றால் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இந்தச் சாரல் ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் வரைக்கும் பொடிப்பொடியாகத் தூவிக்கொண்டே இருக்கும். குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், உள்ளே துரு ஏறி, பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிடும்.

ஆச்சி: எனக்கும்தான் முழங்கால் துருப்பிடித்துக் கிடக்கிறது. யார் போர்வை போட்டார்கள்? அது போகட்டும். நிலைப்படி இவ்வளவு உயரம். நூறு கிலோவுக்கு மேல் இருக்குமே, எப்படி ஏற்றினாய்?

தம்பி: மச்சில் ரெண்டு பலகை கிடந்தது. சாய்த்துப் போட்டு...

ஆச்சி: அட பாவி! அது என் மகள் கல்யாணத்து மணைப்பலகை!

தம்பி: துடைத்து வைத்துவிட்டேன் ஆச்சி. ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஆயில் கறை.

ஆச்சி: மாப்பிள்ளை உட்கார்ந்த பலகையா, பெண் உட்கார்ந்த பலகையா?

தம்பி: ...எனக்கு எப்படித் தெரியும் ஆச்சி?

ஆச்சி: (சுவரைப் பார்த்து) ஆணி வேறு அடித்திருக்கிறாய். அதில் என்ன தகரம்?

தம்பி: பழைய நம்பர் பிளேட். கே.எல்.டி., திருவனந்தபுரம் பதிவு. இந்தப் பக்கம் மாற்றத் தடையில்லாச் சான்றுக்கு நான் நடந்த நடை இருக்கிறதே!

ஆச்சி: மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வரச் சான்றா? நான் பிறந்தபோது இந்தச் செங்கோட்டையே அந்தப் பக்கம்தான். 1956 நவம்பர் 1, காலையில் எழுந்து பார்த்தால் ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. எனக்கு நாலு வயது. ஊர் நுழைவு வளைவில் இன்னும் திருவாங்கூர் அரசின் சங்கு முத்திரைதான் இருக்கிறது. யாரும் என்னிடம் சான்று கேட்கவில்லை.

தம்பி: உங்களுக்கு என்ஜின் நம்பர் இல்லையே ஆச்சி.

ஆச்சி: வாய் மட்டும் குறைச்சல் இல்லை. குடி வரும்போது நான் போட்ட நிபந்தனை நினைவிருக்கிறதா?

தம்பி: புகை பிடிக்கக்கூடாது. குடிக்கக்கூடாது.

ஆச்சி: இது புகை விடுமா?

தம்பி: டூ ஸ்ட்ரோக் ஆச்சி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும், லிட்டருக்கு முப்பது நாற்பது மில்லி. அதுவும் சேர்ந்து எரியும். அதனால் கொஞ்சம்... விடும்.

ஆச்சி: ரெண்டு பக்கமும் குழாய் இருக்கிறதே?

தம்பி: சிலிண்டர் ஒன்று, சைலன்சர் ரெண்டு.

ஆச்சி: ஒரு வாய்க்கு ரெண்டு பீடி.

தம்பி: ஆனால் வீட்டுக்குள் ஸ்டார்ட் செய்யவே மாட்டேன். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைப்பேன்.

ஆச்சி: என் வீட்டுக்காரரும் இப்படித்தான், வீட்டுக்குள் பிடிக்கவே மாட்டேன் என்று தெருமுனைக்குப் போவார். சரி, குடிக்குமா?

தம்பி: பெட்ரோல்தான் ஆச்சி. இப்போதெல்லாம் அதில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது.

ஆச்சி: அது என்ன?

தம்பி: சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கரும்புக் கழிவுப்பாகில் இருந்து எடுப்பது... (குரல் இறங்கி) சாராயம்தான்.

(ஆச்சி நாற்காலியைத் தேடி உட்காருகிறார். தம்பி இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.)

தம்பி: அதனால்தான் ஆச்சி, டேங்கில் ஒரு சொட்டு வைப்பதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்குக்குள் துரு பிடிக்கும், கார்புரேட்டரில் பழைய ரப்பர் எல்லாம் ஊறிப்போகும். அதைவிட, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து அடுக்களை அடுப்பைத் தேடிப் போகும். அதனால் அரை லிட்டர் போடுவேன், தீரும்வரை ஓட்டுவேன், காலி டேங்கோடு தள்ளிக்கொண்டு வருவேன்.

ஆச்சி: ஓட்டப் போகும்போது தள்ளுவாய், வரும்போதும் தள்ளுவாய். நடுவில் எப்போது ஏறி உட்காருவாய்?

தம்பி: நடுவில்தான் ஆச்சி. அந்த நடு இருக்கிறதே... (கண் சொக்குகிறது) இதில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே தெரியுமா? அமுக்கி மேலே தூக்கினால் கிக்கர், உதைத்துவிட்டுக் கீழே மடக்கினால் கியர்.

ஆச்சி: (கேட்காதது போல) வண்டியில் இருக்கிற நம்பரில் வி.ஏ. என்று இருக்கிறதே. வி.ஏ.ஓ. ஆபீஸ் வண்டியா?

தம்பி: விண்டேஜ். 50 வயது தாண்டிய வண்டிக்கு மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதி. புதுப் பதிவு 20,000 ரூபாய், மறுபதிவு 5,000.

ஆச்சி: கட்டினால் எங்கும் போகலாமா?

தம்பி: அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, ரிப்பேர், பெட்ரோல் போடப் போவது. அவ்வளவுதான்.

ஆச்சி: பால் வாங்க?

தம்பி: கூடாது.

ஆச்சி: ரேஷன் கடைக்கு?

தம்பி: கூடாது ஆச்சி.

ஆச்சி: 50 தாண்டினால் வேலை செய்ய வேண்டாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது. எனக்கு 70 தாண்டிவிட்டது, விடிந்தால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது நான்தான். (எண்ணிப் பார்த்து) புகைக்கிறது, குடிக்கிறது, வேலைக்குப் போவதில்லை. இப்படி ஒரு ஆளுக்குச் சும்மா இடம் கொடுக்க முடியாது. மாதம் 500 கூடப் போட்டுக்கொடு.

தம்பி: ஆச்சி, அது ஆள் இல்லை.

ஆச்சி: சரி, 500 வேண்டாம். அந்தப் பெட்ரோல் விஷயத்தை மறுபடி சொல். போடப் போகலாமா?

தம்பி: தாராளமாக. விதியிலேயே இருக்கிறது.

ஆச்சி: இப்போ டேங்கில்?

தம்பி: சொட்டு இல்லை.

ஆச்சி: அப்போ நாளைக்கும் போகலாம், அடுத்த நாளும் போகலாம். நீ போகிற பங்க் பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே? அதற்கு அடுத்த கட்டடம் என்ன?

தம்பி: (யோசித்து, முகம் மாறி) ...பால் டெப்போ.

(ஆச்சி அடுக்களைக்குப் போய், தம்பி வீட்டுத் தூக்குவாளியையே எடுத்து வந்து ஹேண்டிலில் மாட்டுகிறார்.)

தம்பி: ஐயோ ஆச்சி, குரோமியத்தில் கீறல் விழும்!

ஆச்சி: போர்வைதான் இருக்கிறதே, சுற்றிக்கொள். காலையில் அஞ்சரைக்குத் தள்ள ஆரம்பி. எனக்கு அரை லிட்டர், அதற்கு அரை லிட்டர். மாற்றி ஊற்றிவிடாதே.