ஒரு கொட்டடியையாவது விட்டுவைத்திருக்கலாம்

சென்ட்ரல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த உயரமான மதில் ஞாபகம் வந்துவிடும். 1837இல் கட்டிய சென்னை மத்திய சிறை. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடித்தார்கள். இடிப்பதற்கு முன்னால் சில நாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள் இல்லையா, அப்போது வரிசையில் நின்று நானும் போனேன்.

ஒரு செல்லுக்குள் நுழைந்து நின்றேன். சுவரில் யாரோ சோற்றுப் பருக்கையால் ஒட்டிய முருகன் காலண்டர் படம், பாதிதான் மிச்சம், கிழிந்த இடத்தில் பருக்கைகள் மட்டும் காய்ந்து சுவரோடு சுவராக இருந்தன. பின்னால் கூவம். அந்த நாற்றத்திலும் கொசுவிலும் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை, விசாரணைக் கைதி என்ற பெயரில் வருடக்கணக்கில் அங்கே கிடந்தவர்கள் எத்தனை பேர்! இடத்துக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று 1999 நவம்பரில் பார்த்தோம். ஒரு கைதி இறந்த செய்தி பரவியதும் கலவரம் வெடித்தது, துணை ஜெயிலர் ஒருவரை எரித்துக் கொன்றார்கள், துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள்.

இந்தி எதிர்ப்புப் போரில் இந்தச் சிறைக்குப் போன நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் இறந்தார்கள். இரண்டு பேருமே பக்கத்து ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், மிசா என்ற விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் சட்டத்தில் பிடித்த கைதிகளை இங்கே அடித்த அடியை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷனே போட வேண்டி வந்தது. ஸ்டாலின் மேல் விழுந்த அடியைத் தன் உடம்பில் வாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஜனவரியைத் தாண்டவில்லை.

அந்த இடத்தில் இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடம். ஆஸ்பத்திரிக்கு இடம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கைப் பத்திரமாகக் கொண்டுவந்து கிண்டியில் வைக்கத் தெரிந்த நமக்கு, நம் ஊர் ஜெயிலில் ஒரு பிளாக்கை, சரி, நாலு கொட்டடியை விட்டுவைக்க ஏன் மனசு வரவில்லை? தலைவர்கள் பெயராவது புத்தகத்தில் இருக்கும். அந்தக் காலண்டர் படத்தை ஒட்டியவன் பெயர் எங்கே இருக்கும்?

உங்கள் வீட்டில் யாராவது அந்த வாசலில் மனு போட்டுக் கைதியைப் பார்க்க வெயிலில் காத்திருந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு நோட்டிலாவது.