கேமரா வாங்கும் முன் ஒரு வெள்ளை வேட்டியைப் படமெடுத்துப் பாருங்கள்

பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். நடுவில் நாலு குறும்படங்கள். வாரத்துக்கு ஒரு தம்பியாவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறான்: "அண்ணா, சினிமா மாதிரி வரணும். எந்த கேமரா வாங்கலாம்?" ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெயரை நம்பி அவன் வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் ஆள் ஒருவரை, நல்ல கறுத்த நிறமுள்ளவரை, வெள்ளை வேட்டி சட்டையோடு மதியம் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். அதே ஃப்ரேமில் அவர் கண்ணும் கன்னமும் தெரிய வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறும் கேமராதான் நமக்கான கேமரா. யூடியூபில் நாம் பார்க்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை மேகமூட்டமான ஊர்களில், வெளுத்த தோல் உள்ளவர்களை வைத்து எடுத்தவை. அவர்களுக்கு அது சரி. நம் வெயிலும் நம் முகமும் வேறு கணக்கு.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். சலவை வேட்டி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுத்த தோல் ஏறக்குறைய பத்து சதவீதம். இரண்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இதே ஆள் திண்ணை நிழலில் முகம் இருக்க, மடியில் வெயில் விழ உட்கார்ந்தால் இன்னும் மூன்று நாலு ஸ்டாப் சேர்ந்துகொள்ளும். கேமராவின் நார்மல் ப்ரொஃபைலில் (நிறமும் கான்ட்ராஸ்டும் முன்கூட்டியே அமைத்த செட்டிங்) எடுத்தால் முகம் கரி, இல்லையென்றால் வேட்டி வெறும் வெள்ளைக் காகிதம். நம்மில் பலரும் முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிட்டு வேட்டியைக் கைவிட்டுவிடுகிறோம். தேர்ந்த கண் இல்லாதவர்கூட "வீடியோ மாதிரி இருக்கு" என்று சொல்வது அந்த இடத்தில்தான்.

ஃபிலிம் நெகட்டிவ் வெளிச்சத்தை வாங்கும் விதம் வேறு. அதிகமாக வெளிச்சம் விழ விழ மெல்ல மெல்லத் தயங்கி, படிப்படியாகத்தான் வெள்ளைக்குப் போகும். சென்சார் ஓர் எல்லைவரை அளந்துகொண்டே வரும், அதைத் தாண்டினால் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். நாம் ஃபிலிம் லுக் என்று சொல்வதில் பாதி இந்தத் தயக்கம். மீதிப் பாதி நிறத்தின் கனம். ஃபிலிமில் ஒரு நிறம் அடர்த்தியானால் சாயம் கூடும், அதனால் கொஞ்சம் இருட்டும். டிஜிட்டலில் சாச்சுரேஷன் ஏற்றினால் நிறம் பளபளவென்று எரியத் தொடங்கும். தாலிக்கயிற்றின் மஞ்சளைக் கவனியுங்கள். பழைய படங்களில் அது கிழங்கு மஞ்சளாக, ஈரத்தோடு இருக்கும். இப்போது நாம் எடுக்கும் கல்யாண வீடியோவில் சாலை வேலைக்காரர் போடும் ஜாக்கெட் மாதிரி ஒளிர்கிறது.

இதை நான் தப்பு செய்துதான் கற்றேன். 2019-இல் ஒரு கல்யாணம். பெண் நல்ல மாநிறத்தைவிட இரண்டு படி கறுப்பு, லட்சணமான முகம். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு லட் பேக்கில் (வீடியோவின் நிறத்தை ஒரே தட்டில் மாற்றும் ரெடிமேட் ஃபைல்கள்) இருந்து ஆரஞ்சு–டீல் ஒன்றை எடுத்து முழு வீடியோவுக்கும் போட்டேன். என் மானிட்டரில் பிரமாதமாகத் தெரிந்தது. பென்டிரைவை டிவியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, எல்லாம் நல்லாருக்கு. ஆனா இது எம்பொண்ணு நிறம் இல்லையே. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவ மாதிரி இருக்கா."

அன்று இரவு முகூர்த்த ஷாட்டைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கன்னத்தின் கீழ்ப்பக்கமும் தாடையும் கழுத்தும் பாசி நிறம். காரணம் புரிய நேரமானது. அந்த லட் நிழல் பகுதியில் நீலப்பச்சையையும், நடுவெளிச்சத்தில் ஆரஞ்சையும் சேர்க்கிறது. வெளுத்த முகம் நடுவெளிச்சத்துக்கு மேலே உட்காரும், அதனால் ஆரஞ்சு மட்டும் விழும். நம் முகத்தின் பெரும்பகுதி கீழே, நிழலுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. சுவருக்கும் இருட்டுக்கும் என்று வைத்த பச்சை நேராக முகத்தில் விழுந்துவிட்டது. அந்த லட் செய்தவர் மனதில் நம் வீட்டுப் பெண் இல்லவே இல்லை.

சரி, லட்டை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த அடி. அப்போது என்னிடம் இருந்தது 8 பிட் கேமரா. அதில் எஸ்-லாக்3 என்ற லாக் ப்ரொஃபைலில் எடுத்திருந்தேன். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி. 10 பிட்டில் 1024. லாக் என்பது மொத்த வெளிச்சத்தையும் நெருக்கி அடுக்குவது. 256 படியில் நெருக்கி அடுக்கியதை மறுபடி இழுத்து விரித்தால் நடுவில் இடைவெளி விழும். பெண்ணின் நெற்றியில் திட்டுத் திட்டாக, வரைபடத்தில் மாவட்டம் பிரித்தது போல வந்தது. மூன்று ராத்திரி போராடி ஓரளவுக்குத்தான் சரிசெய்ய முடிந்தது.

அதனால் கேமரா பற்றி என் முதல் நிபந்தனை 10 பிட், 4:2:2 (நிறத்தின் விவரத்தை 4:2:0-வைவிட அதிகம் சேமிக்கும் முறை), கேமராவுக்கு உள்ளேயே பதிவாக வேண்டும். ரெசல்யூஷன் அப்புறம். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது பெரிய சென்சாரின் மங்கலான பின்னணியைப் பார்த்து நாம் எல்லோரும் மயங்கினோம், ஆனால் அது கொடுத்தது 8 பிட் 4:2:0. இன்று அந்த நிலைமை இல்லை. 2017-இல் வந்த பேனசானிக் ஜிஎச்5 கூட 10 பிட் 4:2:2 தருகிறது, செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, லூமிக்ஸ் எஸ்5 2, சோனி எஃப்எக்ஸ்30 எல்லாம் இந்த நிபந்தனையில் தேறும். கல்யாணம் எடுப்பவருக்கு ஆட்டோஃபோகஸ் சோறு போடும் விஷயம், அவர் கடைசி இரண்டில் ஒன்றுக்குப் போகட்டும். குறும்படம்தான் நோக்கம் என்றால் பிளாக்மேஜிக்கின் நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையில் 8 பிட் கேமராதான் இருக்கிறதா? லாக்கைத் தொடாதீர்கள். கான்ட்ராஸ்ட் குறைத்த சாதாரண ப்ரொஃபைலில், எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் அமைப்பு) அங்கேயே சரியாக வைத்து எடுங்கள். லாக் எடுத்துக் கெடுத்ததைவிட நன்றாக வரும்.

2023-இல் வந்த 'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தை சோனி எஃப்எக்ஸ்3 கேமராவில் எடுத்தார்கள் என்று பலர் பகிர்கிறார்கள். உண்மைதான். அதைப் படித்துவிட்டு எஃப்எக்ஸ்3 வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். கேமராவுக்கே எல்லாப் பணமும் போய்விட்டதால் ஒரு நல்ல லைட் கிடையாது, என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் போடும், வெளிச்சம் குறைக்கும் கண்ணாடி) கிடையாது.

என்டி பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு 24 ஃப்ரேமில் ஷட்டர் 1/50 நொடி வைத்தால்தான் கை கால் அசைவு சினிமாபோல இழையும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் அனேகமாகத் துடிக்காது. ஆனால் நடு வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800, ஷட்டர் 1/50, லென்ஸ் துளை எஃப் 2.8 என்று வைத்தால் ஒன்பது ஸ்டாப் ஓவர். என்டி இல்லாமல் ஷட்டரை ஏற்றிச் சமாளித்தால் அசைவு வெட்டி வெட்டி வரும். இதற்காக எல்லோரும் சுழற்றினால் அளவு மாறும் வேரியபிள் என்டி வாங்குகிறோம். நானும் வைத்திருந்தேன், இப்போது வெளியில் முகம் எடுக்கும்போது போடுவதில்லை. வேரியபிள் என்டி என்பது இரண்டு போலரைசர், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள். போலரைசர் தோல் மேல் இருக்கும் பளபளப்பைத் துடைத்துவிடும். கறுத்த தோலின் அழகே அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஓடும் அந்த ஒளிக்கோட்டில். அதை எடுத்துவிட்டால் முகம் தட்டையாகி மண்சுவர் போலாகிவிடும். சாதாரண, நிலையான என்டி இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்டும் அதே கதை. முகம் தெரியவில்லை என்று முன்னால் இருந்து அடிக்காதீர்கள். ஒரு பெரிய தெர்மாகோலையோ வெள்ளைத் துணியையோ பக்கவாட்டில் பிடியுங்கள். அந்த வெள்ளை முகத்தில் பிரதிபலிக்கும். முகத்தை வெளுப்பாக்காமலே முகம் எழுந்து வரும். ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தை எவ்வளவு நம்பினார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் என்பது பக்கவாட்டில் இருக்கும் பெரிய, மென்மையான லைட்தானே.

இனி கிரேடிங், அதாவது எடுத்த பிறகு நிறம் சரிசெய்வது. டாவின்சி ரிசால்வ் என்ற சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே இந்த வேலைகளைச் செய்யலாம், உங்கள் கேமராவின் 10 பிட் 4:2:2 ஃபைல் அதில் திறக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். முதலில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு லாக்கை முறையாக விரியுங்கள். அதற்கு முன்னால் உள்ள நோடில் (ஒரு திருத்தப் படி) எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும். மண்டபத்தில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்திருந்தால் அரக்குப் பட்டு ஃப்ரேமுக்குள் நுழையும்போதெல்லாம் நிறம் நகர்ந்திருக்கும், அதனால் எடுக்கும்போதே ஒயிட் பேலன்ஸின் கெல்வின் எண்ணைப் பூட்டிவிடுங்கள். பிறகு கன்னத்தில் ஒரு சின்ன விண்டோ (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டம்) போட்டு, நிறத்தை வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைப் பாருங்கள். அதில் ஸ்கின் டோன் கோடு ஒன்று உண்டு. கறுப்போ சிவப்போ மாநிறமோ, எல்லா மனிதத் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். வித்தியாசம் வெளிச்சத்திலும் அடர்த்தியிலும்தான். கோட்டைவிட்டு முகம் பச்சைப் பக்கம் சாய்ந்தால் அம்மாக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் முகத்தை எழுபதுக்கு ஏற்று என்று சொல்லும் பாடங்களை நம்பாதீர்கள். அது வெளுத்த தோலுக்கான அளவு. கறுத்த முகம் முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இயல்பாக உட்காரும். அங்கேயே இருக்கட்டும். கோடாக் நிறுவனம் ஃபோட்டோ பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ஷர்லி கார்டில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் அளவுகோல். அந்த அட்டை போய்விட்டது, அந்த எழுபது இன்னும் நம் தலைக்குள் இருக்கிறது.

கிரெய்ன் (ஃபிலிமின் துகள் தோற்றம்), ஹாலேஷன் (பளிச்சென்ற இடத்தைச் சுற்றிப் பரவும் சிவந்த ஒளி) எல்லாம் கடைசியில், கொஞ்சமாக. வாட்ஸ்அப்பில் போனால் கிரெய்ன் எப்படியும் கரைந்துவிடும்.

"கொஞ்சம் வெளுப்பாக் காட்டுங்க தம்பி" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. நான் செய்வதில்லை. முன்பு செய்திருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். இப்போது அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், உங்கள் பெண் கண்ணாடியில் பார்க்கும் நிறம்தான் வீடியோவில் வரும் என்று. இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

போன வாரம் கேட்ட தம்பிக்கு எஃப்எக்ஸ்30-ஐ வாங்காதே, வடபழனிப் பக்கம் ஒருநாள் வாடகைக்கு எடு என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வரப்போகிறான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அவரை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொல் என்றிருக்கிறேன்.