அம்மா தேடியது ஊர்ப் பெயரை

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். ஒரு வாரமாக அதே நினைப்பு. எழுதிவிட்டால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கே என்று கேட்டார். சொன்னேன். "செத்த காலேஜுக்கா!" என்றார். புதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அது இன்றும் செத்த காலேஜ்தான். 1851-ல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது அது நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது, 1854-ல்தான் பாந்தியன் சாலைக்கு வந்தது. முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் உயிருள்ள மிருகங்களையும் அங்கேயே வைத்து வளர்த்தார். மிருகங்கள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனதும் அது உயிர் காலேஜ் ஆயிற்று, பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த இது செத்த காலேஜ் ஆயிற்று. படிப்புவாசனை இல்லாத சனங்கள்கூட அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த இடம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. எனக்கு அது பிடித்த பெயர்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. சீர்காழிப் பக்கத்துக் கிராமம். பல்லாவரத்தில் என்னோடு இருக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. அருங்காட்சியகம் எதற்கும் போனதில்லை. மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். மகள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள், அவளை நகர்த்தவே அரை மணி நேரம்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பத்திலும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நகர்ந்தார்.

நான் வழக்கம்போலப் பல்லவர், முற்காலச் சோழர், பிற்காலச் சோழர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் எந்த ஊர் என்று மட்டும் குனிந்து படித்தார். படித்துவிட்டு, "இது கும்பகோணத்துக்குப் பக்கம்", "இந்த ஊர்ல உன் பெரியத்தையைக் கேட்டு வந்தாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு வரிசையாகப் போன நூற்றாண்டுகள் அவருக்குப் பேருந்து நிறுத்தங்களாக இருந்தன. காவிரிக் கரையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒன்று சொன்னார், அதுவரை என்னிடம் சொல்லாதது. அவருக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்து ஊரில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய இடத்தில் ஒரு சாமி கிடைத்ததாம். ஊரே கூடி மஞ்சத் தண்ணி ஊற்றி, சூடம் காட்டி, மூன்று நாள் திருவிழா மாதிரி இருந்ததாம். அப்புறம் தாசில்தார் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். "எங்க போச்சுன்னு யாரும் சொல்லலடி. அதான் பாக்குறேன்."

அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்வி அவரிடம் இருந்திருக்கிறது.

சிலைகள் இங்கே வந்து சேர்ந்த வழி எனக்குத் தெரியும். 1878-ல் வந்த புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம அதிகாரி, தாசில்தார், கலெக்டர் என்று கைமாறி, முக்கியமானவை அருங்காட்சியகத்துக்கு வரும். எழும்பூரில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். ஏரோட்டியவர், கிணறு வெட்டியவர், கடைக்கால் தோண்டியவர் கண்டெடுத்தவை. படையெடுப்புக்குப் பயந்து யாரோ புதைத்து, புதைத்தவர்கள் திரும்பி வராமலே போய், மண் காப்பாற்றிக் கொடுத்தவை.

மண் காப்பாற்றியதை அம்மா வேறு மாதிரி கவனித்தார். "மூக்கு முழியெல்லாம் எப்படி இருக்கு பாரு. நம்ம கோயில் உற்சவருக்கு மூக்கே தேஞ்சு போச்சு." உண்மைதான். ஆயிரம் வருடம் அபிஷேகமும் திருமஞ்சனமும் கண்டு தேய்க்கப்பட்ட திருமேனியில் முகம் வழுவழுவென்று ஆகிவிடும். பூமிக்குள் கிடந்தது பச்சை பூத்துக் கிடந்தாலும் உளி பட்ட கோடு அப்படியே இருக்கும். இத்தனை முறை வந்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். சோழர் காலம், 11-ஆம் நூற்றாண்டு. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. மூன்று கை என்பது கண்ணை உறுத்தவே இல்லை, அவ்வளவு இயல்பாக இருக்கிறது. திருவெண்காடு அம்மாவுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. புதன் கோயில். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே முக்குளத்தில் முங்கி எழுந்ததைச் சொல்லுவார். அத்தனை முறை போன அந்தக் கோயிலின் அர்த்தநாரி இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. "அங்க யாருமே சொல்லலையே" என்றார். அப்புறம் மெதுவாக, "இவங்களுக்கு யாரு சோறு காட்டுவா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கோயிலுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் ஊர் நடராசரை நினைத்துப் பாருங்கள். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014-ல்தான் திரும்பி வந்தார். களவு போனதே ஊருக்கு வெகுநாள் தெரியாது. அவர் நம்முடையவர் என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல வருடங்களுக்கு முன் எடுத்து வைத்திருந்த புகைப்படம். ஒரு படம் இருந்ததால் சாமி வீடு திரும்பியது.

நான் சொல்ல வருவதும் ஒரு படத்தைப் பற்றித்தான். எழும்பூருக்கு ஒரு பொருள் எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரில் அதன் படம் மாட்டப்பட வேண்டும். பள்ளிக்கூடத்திலோ, பஞ்சாயத்து அலுவலகத்திலோ, கோயில் மண்டபத்திலோ, நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில். இன்ன வருடம், இன்ன இடத்தில் தோண்டும்போது கிடைத்தது, இப்போது சென்னையில் இருக்கிறது என்று நல்ல தமிழில் நாலு வரி. பொருளைப் பாதுகாக்க நகரம் வேண்டும் என்றால் சரி, செய்தியையும் நகரத்திலேயே வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இது சாமி சிலைகளுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930-கள் வரை சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த சுமத்திராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் தெருவுக்கடியில் புத்தர் இருந்தார் என்று தெரியும்? ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் தோண்டியவை எழும்பூருக்கு வந்தன. முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்பு வாள்கள், வெண்கல மூடிகள், பொன் நெற்றிப்பட்டங்கள். தாமிரபரணிக் கரையில் செத்தவரின் நெற்றியில் கட்டிய பொன் அது.

நியாயமாகப் பேசினால் அமராவதியையும் சொல்ல வேண்டும். குண்டூர் பக்கத்துப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1845-ல் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி தோண்டி எடுத்தார், ஒரு பகுதி 1859-ல் லண்டனுக்குப் போய்விட்டது, இன்னொரு பகுதி இங்கே இருக்கிறது. அன்றைக்கு எல்லாம் ஒரே சென்னை மாகாணம் என்பதால் வந்தவை. நாங்கள் போன அன்று ஒரு தெலுங்குக் குடும்பம் அங்கே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவும் என் அம்மா மாதிரியே குனிந்து குனிந்து படித்துக்கொண்டிருந்தார். பெர்லினைப் பற்றி நமக்கு வரும் வருத்தம் சென்னையைப் பற்றி அவருக்கு வந்தால் அதில் தப்பே இல்லை.

கீழடியில் இதற்கு நேர்மாறான காட்சியைப் பார்த்தேன். 2023-ல் திறந்த அருங்காட்சியகம் தோண்டிய ஊரிலேயே இருக்கிறது. நான் போன அன்று உள்ளூர்ப் பெண்கள் சிலர் வெளியூரிலிருந்து வந்த உறவினரை அழைத்து வந்திருந்தார்கள். ஓட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரைக் காட்டி, "நம்ம தென்னந்தோப்புல எடுத்தது" என்று ஒருவர் சொன்னார். அந்த 'நம்ம'வைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நாகப்பட்டினத்துக்காரரும் திருவெண்காட்டுக்காரரும் சொல்ல வேண்டும்.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பல்லாவரத்தில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அதே பல்லாவரத்தில் சரளைக்கல் எடுத்த பள்ளத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது அங்கிருந்துதான் தெரியத் தொடங்கியது. அதே வருடம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன, அவற்றின் வயது 15 லட்சம் ஆண்டு என்று இப்போது கணித்திருக்கிறார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றை 1904-ல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. இதை நான் தெரிந்துகொண்டது குடிவந்து பத்து வருடம் கழித்து. என் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், ஊர் அதற்குப் பெயர் பெற்றிருக்கிறது. சந்தைக்குப் போகிற வழியில் அந்தக் கோடரியின் படம் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கற்கருவிகளைக் காட்டி மகளிடம் இதைச் சொன்னதும், "நம்ம பல்லாவரமா?" என்று மூன்று முறை கேட்டாள். திங்கட்கிழமை பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வரிசையாக நடத்திப் போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டி வீட்டுக்கு அனுப்புகிற ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பா ஊரையோ அம்மா ஊரையோ, அதற்குப் பக்கத்து ஊரையோ தேடட்டும். ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும்.

அம்மா தேடிய சாமி கிடைக்கவில்லை. அந்த ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கலாம், மாவட்ட அருங்காட்சியகம் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். பொங்கல் லீவில் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ரயிலில் வரும்போதே சித்திக்குப் போன் போட்டு, "திருவெண்காட்டு அர்த்தநாரி மெட்ராஸ்லதான்டி இருக்காரு, பாத்துட்டேன்" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

உங்கள் ஊரில் சின்ன வயதில் இப்படி ஏதாவது கிடைத்து வண்டியேறிப் போயிருந்தால், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.