இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம்

போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு டூர் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு பஸ், 94 பிள்ளைகள், ஆறு டீச்சர்கள். உள்ளே போனதும் ஐந்து டீச்சர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, மதுரையிலிருந்து கிளம்பியதே காலை நாலு மணிக்கு. நான் மட்டும் பையன்களோடு கியூவில் நின்றேன். நின்றது தலை எண்ணுவதற்கு. நான் ராட்டினம் என்று ஒன்றில் ஏறி முப்பது வருடம் ஆகிறது.

அது இருட்டுக்குள் ஓடுகிற ரைடு. வெளியே வெயில் கொளுத்துகிறது. தகரக் கொட்டகைக்குள் கம்பித் தடுப்பு போட்டு ஆட்களை மடக்கி மடக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலாவது மடக்கில், எனக்கு முன்னால் நின்ற பையன் பேச்சை நிறுத்தினான். பஸ்ஸில் வழி முழுக்க வாய் மூடாதவன். முதலில் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். அப்புறம் கம்பியைப் பிடித்தான், விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு. பின்னால் நின்றவன் லேசாக இடித்ததும் திரும்பினான். சண்டைக்குத்தான் திரும்புகிறான் என்று நினைத்தேன். அவன் கண் இடித்தவனைப் பார்க்கவே இல்லை, அவனையும் தாண்டி நாங்கள் நுழைந்த வாசலைத் தேடியது.

எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்.

இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. மூடின இடமும் அடைசலான இடமும் எனக்கு ஆகாது. டாக்டர்கள் கிளாஸ்ட்ரோஃபோபியா என்பார்கள். எங்கள் வீட்டில் 'அவளுக்கு மூச்சு முட்டும்' என்பதோடு சரி. ஜவுளிக்கடையில் நாலாவது மாடிக்கும் படியில்தான் ஏறுவேன். கூட வருகிறவர்கள் 'சுகருக்கு நல்லதுதான் மதினி' என்பார்கள். பழனிக்குப் போனால் விஞ்ச் நிற்கும் பக்கமே போகமாட்டேன். 1966-லிருந்து ஓடுகிறது, ஊரே அதில் போய் வருகிறது. எனக்கு மட்டும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்துவதை நினைத்தாலே வியர்க்கும். 2004-இல் ரோப் கார் வந்தது, அதுவும் வேண்டாம். 693 படியையும் ஏறுவேன்; முட்டி வலித்தால் யானைப் பாதை. முருகன்மேல் எனக்கு அசாத்திய பக்தி என்று என் நாத்தனார் பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மன்னிக்கவும் அண்ணி.

சின்ன வயதில், உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தா வீட்டில் கண்ணாமூச்சி விளையாடும்போது தானியம் கொட்டிவைக்கிற குலுக்கை வெறுமையாக இருக்க, அதற்குள் இறங்கி ஒளிந்தேனாம். மேல்மூடி விழுந்து, ஆள் வந்து தூக்கும்வரை கத்தினேனாம். அதுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அப்படி நடந்த ஞாபகமே இல்லை. என்னோடு அதே குலுக்கைக்குள் இறங்கிய சித்தப்பா மகன் இன்று லிஃப்ட் மெக்கானிக். அதனால் காரணம் தேடுவதை விட்டுவிட்டேன்.

உதவியது வேறு ஒன்று. ராக்மேன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் இந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது இரண்டு பயம். மூச்சு நின்றுவிடுமோ என்பது ஒன்று. அசைய முடியாமல் மாட்டிக்கொள்வோமோ என்பது இன்னொன்று. சிலருக்கு முதலாவது தூக்கல், சிலருக்கு இரண்டாவது. இதைப் படித்தபோதுதான் எனக்கும் என் தங்கைக்கும் உள்ள வித்தியாசம் விளங்கியது. சித்திரைப் பொருட்காட்சி போட்டால் அவள் பேய் வீட்டுக்குள் போகமாட்டாள், உள்ளே காற்றே இல்லை என்பாள். நான் போய்விடுவேன், நடந்து கடக்கிற இடம்தானே. ஆனால் கொலம்பஸில், அதுதான் முன்னும் பின்னும் ஆடுகிற கப்பல் ராட்டினம், அதில் உட்கார்ந்து, மடிமேல் அந்தக் கம்பி வந்து விழுந்தால் போச்சு. தலைக்குமேல் வானம், காற்று முடியைப் பிய்க்கிறது, எனக்கோ மூச்சு வராது. 'ஓரமா உக்காரு, காத்து வரும்' என்ற யோசனை தங்கைக்கு மருந்து. எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கம்பியை யார் திறப்பார்கள், கூப்பிட்டால் திறப்பார்களா, இதுதான் என் கேள்வி.

பெரிய பார்க்குகளில் பல ரைடுகளில் கம்பி இறங்கும்போது டக், டக், டக் என்று சத்தம் வரும். உள்ளே பல் வைத்த பூட்டு, ஒரு திசையில் மட்டும்தான் நகரும். கீழே இறங்கும், நாம் உந்தினால் மேலே வராது. ஆபரேட்டர் விடுவித்தால்தான் வரும். நாம் தூக்கி எறியப்படாமல் இருப்பதே அந்தப் பல்லால்தான். என் மூளைக்கு இது தெரியும், ஏழாம் வகுப்புக்குப் பாடமாகவே நடத்துவேன். உடம்பு மட்டும் அந்த மூன்று 'டக்'கையும் எலிப்பொறிச் சத்தமாகத்தான் கேட்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழாயின் வாய் வழக்கமாக 60 செ.மீ. அகலம், பெரிய மெஷின் என்றால் 70. கல்யாண வீட்டு அண்டாவுக்கு அதைவிடப் பெரிய வாய். முதல் நாள், தலை உள்ளே போனதும் கையைக் காலை உதறி இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'கண்ணை மூடிக்கிட்டா தெரியாதுல்ல?' என்று மட்டும் கேட்டார். கண்ணை மூடுவது நிறையப் பேருக்கு உதவும். எனக்கு மூடினால் குழாய் இன்னும் சிறுக்கும்.

ஒரு வாரம் கழித்து வேறு இடத்துக்குப் போனோம். மெஷின் போடுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். 'அக்கா, இதை அமுக்குனா எனக்கு மணி அடிக்கும். உடனே வெளிய இழுத்துருவேன். நான் சொல்றதை நம்பாதீங்க, அமுக்கிப் பாருங்க.' அமுக்கினேன், படுக்கை வெளியே வந்தது. மறுபடி உள்ளே, மறுபடி அமுக்கினேன், வந்தது. மூன்றாவது தடவை அமுக்கினபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் இழுத்தாள். அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிடம் காதுக்குள் தவிலடித்த மாதிரி சத்தம். நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பந்து கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் கருத்து இது. வழியைக் காட்டினால் இந்த ஆள் ஓடிவிடுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காட்டாததால்தான் ஓடுகிறோம். 'இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்பலாமா', 'பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு', 'சின்னப் பிள்ளைங்களே போகுது'. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கதவைச் சாத்துகிறது.

சரி, கியூவுக்கு வருகிறேன். பையனிடம் குனிந்து, 'மூச்சு முட்டுதா, இல்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். 'போக முடியாது டீச்சர். பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க.' அப்புறம் இன்னும் மெதுவாக, 'பசங்ககிட்ட சொல்லிராதீங்க டீச்சர்.'

என் கட்சிக்காரன்தான்.

இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். அதனால்தான் தலை சுற்றுவதும், விரல் நுனி மரப்பதும், எவ்வளவு இழுத்தாலும் போதாத மாதிரி தோன்றுவதும். கொட்டகையில் காற்று தீரவில்லை, நாம் அளவுக்கு மீறி இழுக்கிறோம். அதனால் 'நல்லா மூச்சை இழு' என்று சொல்லாதீர்கள். மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், சூடான டீயை ஊதுகிற மாதிரி. உச்சத்துக்குப் போன படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். அதுவரை மனதுக்கு ஒரு வேலை வேண்டும். நான் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லுவேன். அவனையும் சொல்லச் சொன்னேன். 'எனக்கு பதிமூணுக்கு மேல தெரியாது டீச்சர்.' தெரியாதது நல்லது, தெரிந்த வாய்ப்பாடு வாயில் தானாக ஓடும், மனசு பயத்துக்குத் திரும்பிவிடும். பதினேழேழு நூற்றுப் பத்தொன்பதுக்கு அவன் வந்து சேர்வதற்குள் இரண்டு மடக்கு தாண்டிவிட்டோம்.

அப்புறம் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன்: 'தம்பி, மேடை வரைக்கும் வந்துட்டு ஏறாம போகலாமா?' அவர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: 'தாராளமா. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கிட்டே இருங்க. நிறைய பேர் போவாங்க மேடம்.' அந்த 'நிறைய பேர்' காதில் விழுந்ததும் பையனின் தோள் ஓர் அங்குலம் கீழே இறங்கியது. நான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல ரைடுகளில் ஏறும் பக்கம் வேறு, இறங்கும் பக்கம் வேறு. வண்டிக்குள் கால் வைத்து, உட்காராமல் குறுக்கே நடந்து அடுத்த பக்கம் போய்விடலாம். உட்கார்ந்து கம்பி பூட்டின பிறகும், வண்டி நகர்வதற்கு முன் கையைத் தூக்கிக் குரல் கொடுத்தால் திறந்துவிடுவார்கள். வெளிநாட்டில் இப்படிப் போகிற வழிக்கு 'சிக்கன் எக்ஸிட்' என்று பட்டப்பெயர். வழி நல்ல வழி. பெயர் வைத்தவனுக்குத்தான் ஒரு நாள் வர வேண்டும்.

என் மனக்குறையே, இந்த வழி பல இடங்களில் இருந்தும் ஒரு போர்டு கிடையாது என்பதுதான். பச்சைத் தண்ணீர் குடிக்காதே, செருப்போடு ஏறாதே, கர்ப்பிணிகள் ஏறக் கூடாது, எல்லாவற்றுக்கும் போர்டு உண்டு. 'இங்கிருந்து 20 நிமிடம்', 'உள்ளே இருட்டு, ஓட்டம் 3 நிமிடம்', 'வேண்டாமென்றால் இந்த வழியாக' என்று மூன்று வரி எழுத என்ன செலவாகும்? கம்பித் தடுப்பில் நாலு மடக்குக்கு ஒரு இடைவெளி விட்டால் என்ன? அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 2013-லிருந்து, கியூவில் நிற்க முடியாதவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்து வெளியே காத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு உண்டு. 2024-இல் அதையும் இறுக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. நமக்கு டிஸ்னி எதற்கு, பல் டாக்டர் கிளினிக்கில்கூட டோக்கன் கொடுக்கிறார்கள்.

கோயில் கியூவுக்கும் இதே பேச்சுதான். மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 தீ விபத்துக்கு அப்புறம் செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என் மாதிரி ஆளுக்குக் கம்பிகளுக்கு நடுவே பார்க்கவும் பேசவும் இருந்த ஒரே பொருள் போயிற்று. அதனால் நடை திறக்கிற நேரத்துக்கே போய்விடுவேன். அந்த நேரத்து அம்மன் தனி அழகு என்று இதற்கும் என் நாத்தனாரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரைடில் என் உடம்பு அடிக்கிற மணி பொய் மணி. கூட்டத்தில் அதே மணி சில சமயம் மெய். கொரோனாவால் இரண்டு வருடம் ஜனமில்லாமல் நடந்த சித்திரைத் திருவிழாவுக்கு, 2022-இல் மொத்த ஊரும் திரண்டது. ஏப்ரல் 16, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் கூட்டம் தன் கட்டுப்பாட்டில் இருக்காது. நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை, நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் போகிறார்கள். நாலு பக்கமும் தோள் இடித்து, கையை முகத்துக்குத் தூக்க முடியவில்லை என்றால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, தள்ளுகிற திசையை எதிர்க்காமல், சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும். அங்கே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்குவது நல்லது. அழகரை மண்டகப்படியில் பார்த்துக்கொள்ளலாம், அவர் எங்கும் போகமாட்டார்.

இதற்குச் சிகிச்சையும் உண்டு. பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். ஸ்வீடனில் ஊஸ்ட் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட பயங்களுக்கு அதை ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்துக்குள் செய்கிற முறையை 1980களிலேயே வகுத்தார். அந்தப் பெண் மூன்று தடவை என்னை வெளியே இழுத்துவிட்டதும் அதில் ஒரு துளிதான் என்று பின்னால்தான் தெரிந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் என்று பெயர், தமிழில் பேசலாம். நான் இன்னும் போகவில்லை. அடுத்தவருக்குச் சொல்வது சுலபம்.

பையன் மேடைக்கு வந்தான். வண்டிக்குள் ஒரு காலை வைத்தான். சீட்டை ஒரு நொடி பார்த்தான். மறு காலை அந்தப் பக்கம் வைத்து இறங்கி நடந்தான், பின்னாலேயே நானும். எவனோ ஒருவன் 'பயந்தாங்கொள்ளி' என்று கத்தினான். கத்தினவனைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், அத்தோடு அவன் சத்தம் நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாம் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். இவன் சண்டை போடாமல், யாரும் கேட்காத, எமர்ஜென்சி எக்ஸிட் என்று சிவப்பில் எழுதியிருந்த ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அந்தக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'டீச்சர், இதை எந்தப் பக்கம் திருப்பணும்?' என்றான். காட்டினேன். கொடைரோடு டோல்கேட் வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.